நாற்காலியால் ஆடுகிறவர்

லண்டன்,
2 மார்ச் 1864

மச்சானுக்கு,

மூன்று வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிட வேண்டாம். எழுதுவது நான்தான் என்றாலும் எழுதச் சொன்னது உங்கள் தங்கை. டார்கஸ் மேசைக்கு எதிரே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கிறாள். "எழுதியாச்சா, இல்ல பேனாவைக் கடிச்சுக்கிட்டே இருக்கீங்களா?" என்று இப்போதுதான் கேட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் இங்கே ஸ்ட்ராண்ட் தெருவில், பெல்லாமி காபிக் கடையின் மாடியில் சதுரங்கப் போட்டி நடக்கிறது. மொத்தம் பதினாறு பேர். தோற்றவர் வெளியே, ஜெயித்தவர் அடுத்த சுற்றுக்கு. டப்ளினிலிருந்து வருகிறார்கள், பாரிஸிலிருந்துகூட ஒருவர் வருகிறார். வடக்கே உங்கள் யார்க்ஷயரிலிருந்து ஓர் ஆள் வேண்டும் என்று பேச்சு வந்தது. நான் உங்கள் பெயரைச் சொன்னேன். கமிட்டியில் ஒருவர், "யாரு, நாற்காலி கிரீன்வுட்டா? அவர் ஒரு காயை நகர்த்துறதுக்குள்ள மே போயி ஜூன் வந்துடுமே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், பொய் சொல்வானேன்.

ஆனால் இனி அந்தப் பயம் இல்லை. நான் எழுதிக் கொடுத்த சட்டத்தைக் கமிட்டி ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆளுக்கொரு மணல் குடுவை. உங்கள் முறை நடக்கும்போது உங்கள் குடுவை நிமிர்ந்து நிற்கும், மணல் கொட்டிக்கொண்டிருக்கும். காயை நகர்த்தியதும் நீங்களே உங்கள் குடுவையைப் படுக்கவைத்து, எதிராளியின் குடுவையை நிமிர்த்திவிட வேண்டும். ஆட்டம் முழுவதற்கும் ஆளுக்கு மூன்று மணி நேர மணல். தீர்ந்தால் தோல்வி, பலகையில் எத்தனை காய் மிச்சம் இருந்தாலும் சரி. குடுவையைக் கவனிப்பது ஆடுகிறவர் பொறுப்பு. மணல் தீர்ந்தால் மட்டுமே நடுவர் பேசுவார். வேடிக்கை பார்க்கிறவர்கள் வாயைத் திறந்தால் படியிறங்க வேண்டியதுதான். இதுவும் என் சட்டம்.

வருவதானால் எழுதுங்கள். வராவிட்டாலும் எழுதுங்கள், லீட்ஸில் வேறு ஆள் பார்க்க வேண்டும்.

சைலஸ் பெம்பர்டன்


ஹாலிஃபாக்ஸ்,
15 மார்ச் 1864

மாப்பிள்ளை சைலஸ் அவர்களுக்கு,

உமது கடிதம் வந்தது. அடுப்பில் போடவில்லை. பதில் எழுத இத்தனை நாள் ஆயிற்று. வேண்டுமானால் அதையும் நீர் சதுரங்கப் பத்தி எழுதும் பத்திரிகையில் போட்டுக்கொள்ளும்.

மணல் குடுவை என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. சமைத்துப் போடும் ஓக்டன் அம்மாள் அதை வைத்து முட்டை வேகவைக்கிறாள். சதுரங்கமும் முட்டையும் ஒன்று என்று லண்டன்காரர்கள் கண்டுபிடித்திருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. என் தொழில் உமக்குத் தெரியும். கம்பளி மூட்டையைப் பிரித்து, இழையை விரலில் நீவிப் பார்த்து, இது இன்ன தரம் என்று சொல்லிச் சாப்பிடுகிறவன் நான். அவசரக்காரன் தோள் ரோமத்தையும் வால் ரோமத்தையும் ஒரே கட்டாகக் கட்டிவிடுவான். நெசவாளி தறியில் போட்ட பிறகுதான் வண்டவாளம் தெரியும். இருபத்தைந்து வருடமாக என் கட்டு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

மூன்று வருடத்துக்கு முன் லீட்ஸில் நாம் ஆடிய ஆட்டத்தைப் பற்றி நான் இதுவரை ஒரு வார்த்தை எழுதவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன். அன்றைக்கு நான் யோசித்தேன். நீர் கடைசி ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் காயைத் தள்ளினீர். ரயில் கிடைத்தது, ராணி போயிற்று. இதில் என் குற்றம் என்ன? ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் உம் பத்திரிகைப் பத்தியில், 'வடக்கே சில கனவான்கள் மூளையால் ஆடுவதில்லை, நாற்காலியால் ஆடுகிறார்கள்' என்று எழுதினீர். பேர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை.

அதிலிருந்து சந்தையில் என் பேர் நாற்காலி. போன வாரம் நான் மூட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பிராட்ஃபர்ட் வியாபாரி ஒருவன், "பெரியவருக்கு ஒரு நாற்காலி போடுங்கப்பா, விலை சொல்ல நாளாகும்" என்கிறான். நானும் பல்லைக் காட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கவில்லை.

எதிராளியைப் பசியிலும் தூக்கத்திலும் மடக்கி ஜெயிக்கிறவன் நான் என்று ஊர் நம்புகிறது. அது பொய். எனக்கு வேண்டியது ஒரே ஓர் ஆட்டம், உம் மணலோடு, நாலு பேர் பார்க்க. ஜெயித்தால் பலகையில் ஜெயித்தான், தோற்றால் பலகையில் தோற்றான் என்று ஆக வேண்டும். கோப்பை யாருக்குப் போனாலும் எனக்குக் கவலை இல்லை.

வருகிறேன். ஓக்டன் அம்மாளின் குடுவையை வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். முட்டைதான் கல்லாகிறது.

டார்கஸுக்கு என் அன்பு.

எஸ்ரா கிரீன்வுட்


லண்டன்,
29 ஏப்ரல் 1864

மச்சானுக்கு,

நேற்று சீட்டுக் குலுக்கிப் போட்டோம். பதினாறு பெயரில் என் பெயருக்கு எதிரே உங்கள் பெயர்தான் வர வேண்டுமா? கமிட்டியே கைகொட்டிச் சிரித்தது. முதல் சுற்றே நமக்குள். மே பதினொன்று, புதன்கிழமை, காலை பதினொரு மணி.

தங்கும் இடம் பற்றி. எதிராளிகள் ஒரே கூரைக்குக் கீழே இருப்பது முறையில்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். டார்கஸ், "மூணு வருஷமா கிறிஸ்துமஸுக்கு நான் மட்டும் தனியா ரயிலேறி எங்க அண்ணனைப் பார்த்துட்டு வர்றேன். அது முறையா? வீட்ல ஒண்ணா உக்காந்து சாப்பிடுங்க. அப்புறம் அங்க போய் வெட்டிக்கோங்க, குத்திக்கோங்க, எனக்கென்ன" என்கிறாள். ஆகவே மாடி அறை உங்களுக்குத் தயார். கெட்டில் கொதிக்கும்போது மட்டும் சதுரங்கம் பேசக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். என் சட்டத்தைவிடக் கறார்.

உங்கள் கடிதத்துக்குப் பதில் சொல்லாமல் விட்டதாக நினைக்க வேண்டாம். நாற்காலி என்று எழுதியது கோபத்தில்தான். ஆனால் முழுக்கப் பொய் என்று இன்றும் சொல்ல மாட்டேன். பலகையில் பார்ப்போம்.

கிங்ஸ் கிராஸ் நிலையத்துக்கு நானே வருகிறேன்.

சைலஸ்


லண்டன்,
16 மே 1864

திரு. கிரீன்வுட் அவர்களுக்கு,

புதன்கிழமை சாயங்காலம் நீங்கள் வீட்டுக்கு வரவில்லை. டார்கஸ் ஆட்டிறைச்சியை மாவில் பொதிந்து 'பை' சுட்டு வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள். நீங்கள் உங்கள் பெட்டியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் ரயிலேறிவிட்டீர்கள் என்று மறுநாள் கமிட்டிக்கு வந்த உங்கள் சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது. இரண்டாம் சுற்றிலிருந்து விலகிக்கொள்வதாக இரண்டே வரி. காரணம் இல்லை. பெட்டியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், டார்கஸ் சுட்ட பையும் அதற்குள் இருக்கிறது.

நடந்ததை எழுதி வைத்துவிடுகிறேன். நாளைக்கு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது பாருங்கள்.

மத்தியானம் மூன்றரைக்கு ஆட்டம் என் கையில் இருந்தது. ஆளுக்கொரு யானை மிச்சம். என் சிப்பாய் ஒன்று கடைசிக் கட்டத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. உங்களைப் பாராட்ட வேண்டும், அதுவரை அழகாகவும் வேகமாகவும் ஆடினீர்கள். உங்கள் குடுவையில் என்னுடையதைவிட அதிக மணல் இருந்தது. நான் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினேன். ஜெயித்துவிட்டேன் என்ற மிதப்பு. நீங்கள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டீர்கள். சரி, இது நேரமாகும் என்று எழுந்து பக்கத்து அறைக்குப் போய் ஒரு காபி குடித்தேன், ஒரு சுருட்டும் பிடித்தேன்.

என் குடுவையைப் படுக்கவைக்க மறந்துவிட்டேன். உங்கள் குடுவையை நிமிர்த்தவும் மறந்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது முப்பது பேர் பலகையைச் சுற்றி நின்றார்கள். ஒரு சத்தம் இல்லை. வாயைத் திறந்தால் வெளியே என்று எழுதியவன் நான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நடுவர் எழுந்து, "பெம்பர்டன், உங்க மணல் தீர்ந்துபோச்சு. நான் என்ன செய்யட்டும், சட்டம் உங்களோடது" என்றார். சட்டம் என்னுடையது, தோல்வியும் என்னுடையது. அதைப் பற்றி எனக்கு முறையீடு எதுவும் இல்லை.

என் கேள்வி வேறு. உங்கள் முழங்கைக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்தில், என் மணல் கொட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் அதைப் பார்க்கவில்லையா? "நாற்காலி ஜெயிச்சிடுச்சு" என்று படியில் ஒருவன் சொன்னது என் காதில் விழுந்தது. உங்கள் காதிலும் விழுந்திருக்கும். பிறகு ஏன் ஓடினீர்கள்?

யோசித்துக்கொண்டிருந்தேன் என்பீர்கள். அவ்வளவு நேரம் யோசித்தவர் ஏதாவது ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டும் அல்லவா? எந்தக் காயை எங்கே வைக்க இருந்தீர்கள்? அதை எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் எனக்கு விடை கிடைத்துவிட்டது.

சை. பெம்பர்டன்


ஹாலிஃபாக்ஸ்,
24 மே 1864

மாப்பிள்ளைக்கு,

பெட்டி வந்தது. உள்ளே இருந்த இறைச்சி 'பை' ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. மிச்சத்தைச் சாப்பிட்டேன். டார்கஸின் கை மணம் அப்படியே இருக்கிறது. அவளிடம் சொல்லாமல் வந்தது தப்பு. அதற்காக அவளிடம் தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

மணலை நான் பார்க்கவில்லை. இதை எழுதும்போதே எனக்குத் தெரிகிறது, இதை யார் நம்புவான் என்று. என் எதிரே உட்கார்ந்து இன்னொருவன் சொன்னால் நானே நம்ப மாட்டேன். பலகையைப் பார்க்கும்போது எனக்கு வேறு எதுவும் கண்ணில் படுவதில்லை. நீர் எழுந்து போனதுகூட எனக்குத் தெரியாது. நடுவர் பேசியபோது நிமிர்ந்து பார்த்தேன், எதிர் நாற்காலி காலியாக இருந்தது. நீர் வாசலில் நின்றீர். அத்தனை முகமும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தன. ஒருத்தர் கையைப் பிடித்துக் குலுக்கினார், குலுக்கும்போதே கண்ணடித்தார். அந்தக் கண்ணடிப்பைத் தாங்க முடியாமல்தான் ஓடினேன்.

எதற்காக அவ்வளவு தூரம் வந்தேனோ அது தலைகீழாகப் போயிற்று. முன்பாவது நாற்காலியால் ஜெயிக்கிறவன் என்று சந்தேகமாகச் சொன்னார்கள். இப்போது சாட்சியோடு சொல்வார்கள். அப்படிக் கிடைத்த ஜெயத்தை வைத்துக்கொண்டு அடுத்த சுற்றில் எவன் எதிரே உட்காருவது? நான் மாட்டேன்.

நீர் கேட்டதற்குப் பதில். ராஜாவை மூலைக் கட்டத்தில் வைக்க இருந்தேன்.

எஸ்ரா


லண்டன்,
28 மே 1864

மச்சானுக்கு,

மூலைக்கா! அத்தனை நேரம் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தது இதற்கா? ராஜாவை மூலையில் கொண்டு போய் ஒளித்து வைத்தால் என் சிப்பாயை யார் தடுப்பது? ஆடத் தெரியாத குழந்தைகூட யானையால் குறுக்கே மறிக்கும். இதைவிட, மணலைப் பார்த்தேன் என்று எழுதியிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும்.

ஜூன் 5

மேலே இருப்பதை எழுதிவிட்டு, தபாலில் போடும் முன், நீங்கள் சொன்னதைப் பலகையில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கடிதம் இன்னும் மேசைமேல்தான் கிடக்கிறது.

முதலில் உங்கள் யானையால் மறித்துப் பார்த்தேன். உங்களுக்குத் தோல்வி. ராஜாவை முன்னே நகர்த்தினேன், தோல்வி. யானையால் எனக்குச் 'செக்' சொன்னேன், சுற்றி வந்து கடைசியில் தோல்வி. ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் தோற்றுவிட்டு, இன்று ஞாயிற்றுக்கிழமை வேறு வழியில்லாமல் ராஜாவை மூலையில் வைத்தேன். என் சிப்பாய் ஓடியது. கடைசிக் கட்டத்துக்குப் போய் ராணியாக ஆயிற்று. அப்போது உங்கள் யானை என் ராஜாவின் மடியிலேயே வந்து விழுந்து 'செக்' என்கிறது! அதை வெட்டாமல் எனக்கு வழியில்லை. வெட்டிவிட்டால் மூலையில் இருக்கும் உங்கள் ராஜாவுக்கு நகர ஒரு கட்டம்கூட இல்லை. 'செக்'கில் நிற்காமல், நகர மட்டும் முடியாத ராஜா தோற்ற ராஜா இல்லை. ஆட்டம் சமம்.

நான் பலகையைக் கவிழ்க்க இருந்தேன். பிறகு சிரித்தேன். பிறகு கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

இந்த ஒரு வாரம் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சூப் ஆறிப்போகிறது என்று டார்கஸ் கூப்பிட்டிருக்கிறாள். என் காதில் விழவில்லை. மறுநாளும் கூப்பிட்டிருக்கிறாள். மூன்றாம் நாள் எனக்கும் பலகைக்கும் நடுவில் சூப் கிண்ணத்தையே வைத்துவிட்டு, "என்னங்க, எங்க அண்ணன் எப்ப வந்தார்? சொல்லவே இல்லையே" என்றாள். கிண்ணம் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை, மச்சான். கண்ணுக்கு நேரே ஆவி பறக்க இருந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை.

உங்களை நம்புகிறேன். மூன்று வருடம் முன்பு எழுதியதையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் நான் ஒருவன் நம்பி என்ன பயன்? நாற்காலி என்று ஊரெல்லாம் பரப்பியது என் பத்தி. அதே பத்தியில் இந்தக் கட்டத்தைப் படம் போட்டு, 'காப்பாற்ற முடியுமா?' என்று வாசகர்களைக் கேட்கப் போகிறேன். மூன்று வாரம் தவணை. நாட்டில் உள்ள அத்தனை கெட்டிக்காரர்களும் முயன்று பார்க்கட்டும். அப்புறம் யார் கண்டுபிடித்தது என்று போடுகிறேன். சம்மதம்தானே?

சைலஸ்


ஹாலிஃபாக்ஸ்,
13 ஜூன் 1864

மாப்பிள்ளைக்கு,

மேலே திட்டும் கீழே பாராட்டுமாக ஒரே தாளில் வந்த கடிதம் இதுதான் எனக்கு முதல். இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.

சம்மதம். ஆனால் மணலைப் பற்றி ஒரு வார்த்தை போட வேண்டாம். 'அவர் பார்க்கவில்லை, சத்தியமாகப் பார்க்கவில்லை' என்று நீர் எனக்காக வக்கீல் வேலை பார்த்தால் இன்னும் கேவலம். கட்டத்தை மட்டும் போடும். கட்டம் பேசினால் போதும்.

இன்னொன்றும் சொல்கிறேன். நம்புகிறேன் என்று நீர் எழுதிய இடத்தை ஓக்டன் அம்மாளிடம் படித்துக் காட்டினேன். "உங்க மாப்பிள்ளைக்குப் புத்தி வர ஒரு கிண்ணம் சூப்பு வேண்டியிருந்துச்சா?" என்றாள். எனக்கு மனசு நிறைந்திருந்தது. அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

சந்தையில் நாலைந்து பேர் உம் பத்திரிகை வாங்குகிறார்கள். பிராட்ஃபர்ட்காரனும் வாங்குகிறான்.

எஸ்ரா


லண்டன்,
19 ஜூலை 1864

மச்சானுக்கு,

தவணை முடிந்தது. இருநூறுக்கு மேல் கடிதம். மேசையில் இடமில்லாமல் டார்கஸின் தையல் கூடையிலும் கிடக்கின்றன. பாதிப் பேர் யானையால் மறிக்கிறார்கள். ஒரு கர்னல், 'இதில் காப்பாற்ற எதுவும் இல்லை, கேட்பதே மடத்தனம்' என்று எழுதியிருக்கிறார். மூலைக் கட்டத்தைக் கண்டுபிடித்தவர் ஒருவரே ஒருவர். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் எழுதி, அச்சுக் கோத்து வைத்திருப்பதை இத்துடன் வைத்திருக்கிறேன். முக்கியமான இடம் இது: 'இந்த நகர்வை ஹாலிஃபாக்ஸ் திரு. கிரீன்வுட் பலகைக்கு முன் உட்கார்ந்தபடியே கண்டார். அவர் அதிக நேரம் எடுத்துக்கொண்டார் என்று சிலர் குறை சொன்னார்கள். நம் வாசகர்களுக்கு மூன்று வாரம் கொடுத்தோம்.' கமிட்டியில் படித்துக் காட்டினேன். அன்றைக்கு 'மே போயி ஜூன்' என்று சொன்னவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "இதை முதல்லயே போட்டிருக்கக் கூடாதாய்யா?" என்றார்.

இப்போது அந்த ஒருவர். டெவனில் ஏதோ ஒரு கிராமத்துப் பாதிரியார். பெயர் ஹரேஸ் லட்லோ. மூலைக்குப் போவதுதான் சிறந்தது என்கிறார், ஆனால் அதுவும் காப்பாற்றாது என்கிறார். சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போனதும் ராணி வாங்காமல், சின்னதாக ஒரு யானை வாங்கினால் போதுமாம். ராணி இருந்தால் உங்கள் ராஜாவுக்கு எல்லாப் பக்கமும் அடைபடும். யானை என்றால் கோணல் வாக்கில் ஒரு கட்டம் திறந்திருக்கும். ராஜா நகர முடியும், ஆகவே ஆட்டம் சமமாகாது, தொடர்ந்து நடக்கும். கையில் ஒரு யானை அதிகம் இருப்பதால் நான் மெதுவாக ஜெயித்துவிடுவேன்.

வைத்துப் பார்த்தேன். அவர் சொல்வது சரி.

ஆனால் கேளுங்கள். அன்றைக்குப் பலகையில் நானாக இருந்தால் ராணிதான் வாங்கியிருப்பேன். கையில் வந்த ராணியை எவன் வேண்டாம் என்பான்? ஆட்டம் சமமாகத்தான் முடிந்திருக்கும். அந்தக் கணக்கில் நான் கோத்தது பொய் இல்லை. கடிதமும் தவணை கழிந்து இரண்டு நாளுக்குப் பிறகுதான் வந்தது. பிந்தி வந்ததை நாங்கள் போடுவதில்லை. 'எனக்கே முழு நிச்சயமில்லை' என்று வேறு அவர் எழுதியிருக்கிறார். அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. டார்கஸுக்குக்கூடச் சொல்லவில்லை.

உங்கள் பேரை நான் கெடுத்தேன். அதைச் சரிசெய்ய இப்போதுதான் கையில் ஒரு வழி வந்திருக்கிறது. அதை இன்னொருத்தன் வந்து கெடுக்க நான் விடத் தயாரில்லை. ஆனாலும் உங்களைக் கேட்காமல் செய்ய மனம் வரவில்லை. சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நீங்கள் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படி. தயவுசெய்து இதற்கு மட்டும் உங்கள் வழக்கமான நேரத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சைலஸ்


ஹாலிஃபாக்ஸ்,
20 ஜூலை 1864

மாப்பிள்ளைக்கு,

உமது கடிதம் காலைத் தபாலில் வந்தது. மத்தியான ரயிலுக்கு இதைப் போடுகிறேன். யோசிக்க இதில் ஒன்றும் இல்லை.

பாதிரியார் எழுதியதைப் போடும். அவர் பேரைப் பெரிய எழுத்தில் போடும்.

நீர் ராணி வாங்கியிருப்பீரா, யானை வாங்கியிருப்பீரா என்று உம் வாசகர்களை நீர் கேட்கவில்லை. கட்டத்தைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்டீர். முடியாது என்று ஒருவர் சரியாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் பிந்தி வந்த கடிதத்தைத் தள்ளிவிட்டு நான் பேர் வாங்கினால், கொட்டுகிற மணலைப் பார்த்துக்கொண்டே ஜெயித்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அன்றைக்கு நான் பார்க்கவில்லை. இன்றைக்குப் பார்த்துவிட்டேன்.

 நீர் கோத்து அனுப்பிய தாளை நாலு தடவை படித்தேன். நல்ல எழுத்து. 'மூன்று வாரம் கொடுத்தோம்' என்ற இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்தத் தாளை நானே வைத்துக்கொள்கிறேன், ஊருக்கு வேண்டாம். பிராட்ஃபர்ட்காரன் இன்னும் கொஞ்ச நாள் நாற்காலி போடட்டும். வயதாகிறது, உட்கார்ந்துகொள்கிறேன்.

பாதிரியாரின் யானையைப் பலகையில் வைத்துப் பார்த்தேன். என்ன அழகு! அன்று அத்தனை நேரம் உட்கார்ந்தும் அது என் கண்ணில் படவில்லை. அவருக்கு நான் தனியாக எழுதப் போகிறேன்.

மார்ச்சில் உமக்கு எழுதினேன், நினைவிருக்கும். பலகையில் ஜெயித்தான் என்றோ பலகையில் தோற்றான் என்றோ ஆக வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டும் என்று. ஆகிவிட்டது. அதையே தெளிவாகப் போடும்: 'ஹாலிஃபாக்ஸ் கிரீன்வுட் இந்த ஆட்டத்தைத் தோற்றார்.' உம் கமிட்டிப் பதிவில் என்ன எழுதியிருந்தாலும் எனக்கு இதுதான் கணக்கு.

கிறிஸ்துமஸுக்கு இந்த முறை டார்கஸை நீரே அழைத்துக்கொண்டு வாரும். பலகை இங்கே இருக்கிறது. குடுவை வேண்டாம். இரவு தங்குவதற்கு அறை தயாராக இருக்கும். பிடிக்க வேண்டிய ரயில் எதுவும் இல்லை.

எஸ்ரா